கோவாவுக்கு இரண்டு காது

என் இடது காது ஹட்டனில் போனது. வலது காது இன்னும் கொஞ்ச தூரம் தாக்குப்பிடித்தது. கொட்டகலை கடைவீதி வருவதற்குள் அதுவும் போய்விட்டது. சொந்தக் காதைச் சொல்லவில்லை. பையில் இருந்த ஸ்டீரியோ மைக்கைச் சொல்கிறேன்.

பையை பஸ்ஸின் மேல்தட்டில் வைத்தது என் தப்பு. ஒரு வளைவில் டிரைவர் பிரேக்கை மிதிக்க, பை கீழே வந்தது. குனிந்து எடுப்பதற்குள் அடுத்த வளைவில் ஒருவருடைய அரிசி மூட்டை அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. மூட்டைக்காரர் ரொம்ப வருத்தப்பட்டார். "உள்ள என்னங்க, கண்ணாடியா?" என்றார். "காது" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூட்டையைத் தூக்கித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் அர்த்தம் கேட்டேன். "காதுக்குத் தனி டிக்கெட் எடுத்தீங்களான்னு கேக்கறாரு."

நான் திருச்சியில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம். ஒலிப்பதிவை யாரிடமும் போய்ப் படித்ததில்லை. ஆம்ப்ளிஃபயரைக் கருக்கிக் கருக்கிக் கற்றுக்கொண்டதுதான். தெரிந்த நாடகக் குழு ஒன்று தேயிலைத் தோட்டத்தில் நடக்கிற கதையை மேடையேற்றப் போகிறது. "மேடையில ஒரு இலைகூட வைக்கப் போறதில்லை. தோட்டத்தைச் சத்தத்தாலேயே கட்டணும். அங்க இருக்கிற அமைதியைப் பிடிச்சுக்கிட்டு வாங்க" என்று என்னைக் கடல் தாண்டி அனுப்பியிருந்தார்கள். அமைதியைப் பிடிக்க வந்தவன் கையில் இப்போது மிச்சம் இருந்தது ஒரு பதிவுக் கருவியும், சட்டைக் காலரில் மாட்டுகிற இரண்டு குட்டி மைக்கும். கல்யாண வீடியோக்காரர்கள் மாப்பிள்ளைக்கு மாட்டுவார்களே, கட்டைவிரல் நகம் அளவில், அதுதான்.

ஒரே மைக்கில் பதிந்தால் எல்லாச் சத்தமும் ஒரே மூட்டையாகக் கிடக்கும். இரண்டு மைக் வைத்தால்தான் பஸ் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும், குருவி தலைக்கு மேல் கத்தும், ஆள் பக்கத்தில் வந்து நிற்பார். ஆனால் இரண்டு மைக் இருந்தால் மட்டும் போதாது. அவற்றை எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் பார்க்க, நடுவில் எதை வைத்து மாட்டுவது என்பதில்தான் விஷயம் எல்லாம் இருக்கிறது. அந்த மாட்டுகிற சட்டமும்தான் மூட்டைக்கடியில் நொறுங்கிப் போயிருந்தது.

கொட்டகலையில் ஒரு கடையின் மாடியில் தங்கினேன். கடைக்காரர் நசீர் நானா. முஸ்லிம் வீடுகளில் அண்ணனை 'நானா' என்பார்கள். ஊரே அவருக்குத் தம்பி தங்கை. அரிசி, பருப்பு, காய்கறி, குடை, பூட்டு, கம்பளிக் குல்லாய் எல்லாம் அந்த ஒரு கடையில் கிடைக்கும். எனக்குச் சட்டை மாட்டுகிற ஹேங்கர் ஒன்று தந்தார். அதன் இரண்டு முனையிலும் மைக்கைக் கட்டி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டேன்.

அந்த ஊரில் காலையும் மாலையும் ரொட்டி வண்டி வரும். ஆட்டோவை அங்கே த்ரீவீல் என்கிறார்கள். அதன் பின்னால் கண்ணாடிப் பெட்டி வைத்து, பாணும் பன்னும் அடுக்கி, ஒரே ராகத்தை ஒலிபெருக்கியில் விட்டுக்கொண்டே தெருத்தெருவாகப் போகும். பாண் என்பது நம் பிரெட். எங்கள் ஊரில் பழைய இரும்புக்காரர் கத்திக்கொண்டு போவதற்கு இது எவ்வளவோ தேவலை என்று முதல் நாள் நினைத்தேன். மூன்றாம் நாள் அப்படி நினைக்கவில்லை. எந்தப் பதிவை எடுத்தாலும் அந்த ராகம் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

ஹேங்கரில் பதிந்ததை நசீர் நானாவுக்கு ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "ரொட்டி வண்டி அந்தப் பக்கம் வருது. இந்தப் பக்கம் போவுது. நடுவுல நம்ம கடைய மட்டும் ஒதுக்கிட்டுப் போற மாதிரி இருக்கே. கடன் ஏதும் வச்சிருக்கானா?" என்றார்.

கோளாறை அவர் சரியாகச் சொல்லிவிட்டார். மைக்குகள் தள்ளித் தள்ளி இருந்தால் நடுவில் பள்ளம் விழும். நமக்கு அப்படி விழுவதில்லை. ஏனென்றால் நம் இரண்டு காதுக்கும் நடுவில் ஒரு தலை இருக்கிறது. ஒரு பக்கச் சத்தம் மறுபக்கக் காதுக்குப் போகும்போது தலை அதைக் கொஞ்சம் மறைத்து, கொஞ்சம் தாமதப்படுத்தி அனுப்புகிறது. எனக்கு வேண்டியது ஒரு தலை. உருண்டையாக, கெட்டியாக, உள்ளே ஈரத்தோடு. கடையில் அப்படிப்பட்ட தலைகள் கூடை கூடையாக இருந்தன.

"நானா, ஒரு முட்டைக்கோஸ் குடுங்க."

"முட்டை இருக்கு. கொஸ் இங்க விளையாதுங்க, கீழ்நாட்டுல இருந்து வரணும். ரெண்டையும் சேர்த்து என்ன கறி வைக்கிறீங்க?"

சிங்களத்தில் கொஸ் என்றால் பலாக்காயாம். நான் விரலால் காட்டினேன். "கோவாவா?" என்று அவர் ஒன்றை எடுத்து என் தலையருகே பிடித்துப் பார்த்தார். "உங்க சைஸுதான்."

கோவாவின் இரண்டு பக்கமும் இலைக்குள் சின்னதாகக் குழி பறித்து மைக்கைப் பதித்தேன். காற்று அடிக்காமலிருக்கக் கம்பளிக் குல்லாய் ஒன்றை மாட்டினேன். அடியில் மண்வெட்டிக் காம்பைக் குத்தி நிறுத்தினேன். அடுத்த தடவை ரொட்டி வண்டி வந்தபோது எங்கள் கடை வாசலை உரசிக்கொண்டே போனது. நானா ஹெட்போனைக் கழற்றாமல், "இப்ப நின்னு போறான்" என்றார்.

யோகராஜை அவர்தான் பிடித்துத் தந்தார். த்ரீவீல் ஓட்டுகிறவர், பக்கத்துத் தோட்டத்துக்காரர். அவர் மனைவி ராஜேஸ்வரி அங்கே கொழுந்து பறிக்கிறார். தோட்டத்து மேனேஜரை 'தொரை' என்கிறார்கள். அவரிடம் சொல்லி அனுமதி வாங்கியதும் யோகராஜ்தான்.

கோவா பின் சீட்டில் என் பக்கத்தில் குல்லாயோடு உட்கார்ந்து வந்தது. வழியில் கேட்டேன், "உங்க வீடு எந்தப் பக்கம்?"

"மேக்கணக்கு."

"கணக்கா?"

"தோட்டத்துல ஒவ்வொரு பிரிவும் ஒரு கணக்குங்க. எங்களது மேல் கணக்கு. அங்க தெரியுது பாருங்க, அது கீழ்க் கணக்கு."

இந்த மேல் கீழை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் வழி சொன்னால் தெற்கே போய் மேற்கே திரும்பு என்பார்கள். இங்கே யாரும் திசை சொல்வதில்லை, இடது வலதும் சொல்வதில்லை. கடை மேலே இருக்கிறது, கோயில் கீழே இருக்கிறது. கட்டிலில் பக்கத்தில் படுத்திருப்பவரையே 'கீழ கொஞ்சம் நகரு' என்பார்கள் போல.

இன்னொன்றையும் யோகராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னார். போன வருஷம் ராஜேஸ்வரி நின்ற இடத்தில் குளவிக் கூடு கலைந்து கொட்டியிருக்கிறது. பக்கத்து நெரையில், அதாவது செடி வரிசையில், பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா திரும்பி வரவில்லை. ராஜேஸ்வரி ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தார். வீக்கம் வடிந்தது, காய்ச்சல் போனது, காதுக்குள் குளவியின் ரீங்காரம் மட்டும் போகவில்லை. காதில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "மலைக்குப் போவாதே, டவுன்ல ஒரு கடையில நில்லுன்னு சொல்றேன். கேக்க மாட்டேங்கிறா." தேயிலைக் காட்டைத்தான் அவர்கள் மலை என்கிறார்கள். அத்தனை பெரிய சிகரங்கள் சுற்றி நிற்க, அவற்றுக்கு வேறு பேர்.

லயம் என்பது ஒரே கூரைக்கடியில் வரிசையாகக் கட்டிய வீடுகள். அவர்கள் வீட்டில் தேங்காய் ரொட்டியும் மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச்சம்பலும் வைத்தார்கள். ரொட்டி கனமாக இருந்தது. சம்பல் காதைப் பிடித்துத் திருகியது. பிறகு பால் இல்லாத தேத்தண்ணி, சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்பது. உலகத்துக்கெல்லாம் நல்ல தேயிலை அனுப்புகிற இடத்தில் குடிப்பது தூள்தான் என்று யோகராஜ் சொன்னார். எனக்கு அதுவே நன்றாக இருந்தது. குளிரில் கை சுடுகிற எதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

ராஜேஸ்வரி கோவாவை முன்னும் பின்னும் பார்த்தார். என் வயதுதான் இருக்கும். அதிகம் சிரிக்காத முகம்.

"அண்ணே, எனக்குக் கேக்கறது இதுக்குக் கேக்குமா?"

"சத்தம் இருந்தா கேக்கும்."

"அதுதான் எனக்கும் தெரியணும். அது மலையில இருக்கா, மண்டையில இருக்கா?"

நடந்ததை அவரே சொன்னார். இந்த வருஷம் இரண்டு தடவை, கூடு இருக்கிறது என்று கத்தி எல்லாரையும் ஓட வைத்துவிட்டார். இரண்டு தடவையும் ஒன்றுமில்லை. அன்றைக்கெல்லாம் கொழுந்து குறைந்து, எல்லாருக்கும் அரைப்பேர்தான் விழுந்தது. ஒரு நாள் வேலையை அங்கே 'ஒரு பேர்' என்பார்கள். ஆளுக்குப் பாதிப் பேரைப் பிடுங்கியவள் என்று ராஜேஸ்வரிக்குத்தான் கெட்ட பேர். இன்னொரு தடவை சும்மா கத்தினால் புல் வெட்டுகிற கூட்டத்துக்கு அனுப்பிவிடுவேன் என்று வேலையை மேற்பார்க்கிற கங்காணி சொல்லியிருந்தார்.

"புல்லு வெட்டறது பெருசில்ல அண்ணே. நெசமா வர்ற அன்னிக்கு நான் கத்துனா ஒருத்தரும் ஓட மாட்டாங்க. அதுதான்."

மறுநாள் காலை மலைக்குப் போனோம். கோவாவைப் பார்த்ததும் பெண்கள் பறிப்பதை விட்டுவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் வாய் மேரிக்கு. "ராஜி, யாருடி இது, மாப்பிள்ளையா? குல்லாயெல்லாம் போட்டு வந்திருக்காரு."

"மாப்பிள்ளைக்குக் கண்ணு மூக்கு ஒண்ணும் இல்லையே."

"காது ரெண்டு இருக்குல்ல. சொன்னதைக் கேட்டாப் போதும், கட்டிக் குடுங்க."

"வாயும் இல்ல. இந்த மாதிரி ஒண்ணு எனக்கு அமையலையே" என்றார் மேரி. மலையே சிரித்தது. நான் எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தேன். கொழுந்தைக் கிள்ளும் சத்தம் எவ்வளவு சின்னது, எத்தனை கைகளில் சேர்ந்து எவ்வளவு பெரிசாகிறது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். சின்ன மழை மாதிரி இருந்தது.

குளிரில் கருவியின் பாட்டரி சீக்கிரம் இறங்கிவிட்டது. பவர் பேங்கை மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஹெட்போனில் ஒரு ரீங்காரம். மெல்லிதாக, விடாமல். இரண்டு நெரை தள்ளி நின்ற ராஜேஸ்வரியைப் பார்த்தேன். அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குது" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு வார்த்தைதான். அவர் கூடையைப் போட்டுவிட்டுக் கத்தினார். எல்லாரும் கீழே இறங்கினார்கள். கங்காணி தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு மரம் மரமாக, கல் கல்லாகப் பார்த்துவிட்டு வந்தார். வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். ஒன்றும் இல்லை என்று கையை விரித்தார். கீழே பாதையில் நின்று பவர் பேங்கைப் பிடுங்கினேன். ரீங்காரம் நின்றது. மாட்டினேன், வந்தது. மட்டமான பவர் பேங்கின் மின்சார இரைச்சலைத்தான் குளவி என்று சொல்லியிருக்கிறேன். மைக் செட்காரன் வாழ்நாளெல்லாம் சண்டை போடுகிற சத்தம் அது. கல்யாண மண்டபத்தில் கேட்டிருந்தால் ஒரு நொடியில் அடையாளம் கண்டிருப்பேன். பயந்த இடத்தில் நின்றதால் பயத்தின் பேரைச் சொல்லிவிட்டேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி" என்றார் மேரி. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அரைப்பேர் போனது போனதுதான். கங்காணி ராஜேஸ்வரியைப் புல் வெட்ட அனுப்பவில்லை; என்னைப் பார்த்து, "நீங்க போயிருவீங்க தம்பி. அவங்க இங்கதான இருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

த்ரீவீலில் திரும்பி வந்தோம். வழியில் யோகராஜ் கேட்டார். "அது மெஷின் சத்தம்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?"

"கோவாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது நடுவுலயே நிக்கும். வெளியில இருக்கற சத்தம்னா திருப்பத் திருப்ப இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் நகரும்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. "வண்டியைத் திருப்புங்க."

லயத்துக்குப் பின்னால் காய்கறிப் பாத்தி. அதன் கீழே ஓடை. இன்னும் கீழே தேயிலைத் தொழிற்சாலையின் காற்றாடிகள் இரைந்துகொண்டிருந்தன. மேல் பக்கம் கோழிகள். மண்வெட்டிக் காம்பைப் பாத்தியில் ஊன்றி, புதுப் பாட்டரி போட்டு, ஹெட்போனை ராஜேஸ்வரிக்கு மாட்டிவிட்டேன். அவர் வேண்டாவெறுப்பாகத்தான் நின்றார். காலையில் நடந்ததற்குப் பிறகு என் வார்த்தைக்கு என்ன மதிப்பு?

"ஓடை எந்தப் பக்கம் கேக்குது?"

"கீழ்க் காதுல."

கீழ்க் காது. சரிவில் நிற்கிறவருக்கு இடது காது வலது காது இல்லை. கீழ்ப்பக்கத்துக் காது, மேல்பக்கத்துக் காது. கோவாவை மெதுவாக அரைச் சுற்றுத் திருப்பி நிறுத்தினேன். அவர் முகம் மாறியது.

"ஓடை மேல ஏறுது அண்ணே." சிரித்துவிட்டார். "தண்ணி மேல போவுது. கோழியெல்லாம் கீழ விழுந்திருச்சு."

யோகராஜுக்குத் தாங்கவில்லை, தானும் கேட்க வேண்டும் என்று கை நீட்டினார். அவர் கையைத் தட்டிவிட்டு ராஜேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டார். நான் கோவாவைச் சுற்றிச் சுற்றித் திருப்பினேன். ஓடை ஏறியது, இறங்கியது. காற்றாடிகள் மலையைச் சுற்றி வந்தன.

"இப்ப உங்களோடது? குளவி?"

ரொம்ப நேரம் கேட்டார். "அது அசையல. நடுவுலயே நிக்குது."

ஹெட்போனைக் கழற்றச் சொன்னேன். "இனி உங்க தலைதான் கோவா. நீங்களே திருப்பிப் பாருங்க."

மேலே பார்த்தார். கீழே பார்த்தார். காதைப் பொத்தினார், விட்டார். "ஓடை நகருது. அது என்கூடவே வருது" என்றார். பாத்தி ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தார். அழுவாரோ என்று எனக்குப் பயம். முழங்காலைக் கட்டிக்கொண்டார். "நானும் அதுவும் ஒரு வருசமா ஒரே வீட்டுல இருக்கோம். இப்பத்தான் அறிமுகம்" என்றார்.

யோகராஜ் மெதுவாக, "அப்ப மண்டையிலதான்னு ஆயிருச்சு. இனியாச்சும் மலைக்குப் போவாத, ராஜி" என்றார்.

"மண்டையிலதான்னு தெரிஞ்சதாலதான் போறேன். தெரியாமத்தான பயந்துக்கிட்டிருந்தேன்."

"கடையில நின்னா என்ன?"

"கடையில நின்னா அது ஒண்ணுதான் எனக்குத் துணை. மலையில நின்னா மேரி இருக்கா."

கண்டியில் காது வைத்தியர் ஒருவரிடம் காட்டுவது என்று இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம் ஆனது. நான் வைத்தியன் இல்லை. என் கோவாவும் இல்லை. எது அவருடையது, எது உலகத்துடையது என்று பிரித்துக் காட்ட மட்டும்தான் அதற்குத் தெரியும்.

அதற்குப் பிறகு மழை. வெளியே வைத்தால் குல்லாய் நனைந்து கோவா தும்மும் என்றார் நசீர் நானா. ஒரு நாள் வட்டவளை வரை ரயிலில் போய், ஸ்டேஷன் கூரையின் மழையைப் பதிந்தேன். பெஞ்சில் இருந்த ஒரு சிங்களப் பெண் கோவாவுக்கும் சேர்த்துத் தன் குடையைப் பிடித்தார். எதற்கு என்று கேட்கவே இல்லை. கிளம்பும்போது மட்டும் சைகையில், இதைச் சமைப்பீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டியதும் அவருக்கு நிம்மதி.

மழை விட்ட காலை என் கடைசிக் காலை. மறுபடி மலைக்குப் போக எனக்குக் கூச்சம். ராஜேஸ்வரிதான், "மாப்பிள்ளையக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். கங்காணி என்னைப் பார்த்துப் பவர் பேங்க் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று பையைத் திறந்து காட்டினேன்.

மழை விட்டும் தூறல் இருந்ததால் பெண்கள் தலையில் பாலிதீனைப் போர்த்தி, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டியிருந்தார்கள். பேச்சு ஒரு கல்யாணத்தைப் பற்றி. மாப்பிள்ளை வீட்டார் சோற்றில் கல் இருந்ததாகச் சொல்லிவிட்டார்களாம். "கல்லு இருந்துச்சு சரி, சோறு இருந்துச்சா இல்லையா?" என்று மேரி கேட்டுக்கொண்டிருந்தார்.

ராஜேஸ்வரியின் கை நின்றது.

அவர் தலையை மேல் பக்கம் திருப்பினார். நிறுத்தினார். கீழ்ப் பக்கம் திருப்பினார். மறுபடி மேலே. நிதானமாக, ஓடைப் பக்கம் பாத்தியில் செய்த மாதிரியே.

"ஆரம்பிச்சிட்டா" என்றார் மேரி.

"இது என்னுது இல்ல" என்றார் ராஜேஸ்வரி.

கத்தவில்லை. அதுதான் எல்லாரையும் நிறுத்தியது என்று நினைக்கிறேன். போன தடவைகளில் கேட்டது கத்தல். இந்தக் குரல், உலை கொதித்துவிட்டது என்று சொல்கிற குரல். அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். கங்காணி அவர் முகத்தைப் பார்த்தார், ஒருமுறை என் பையைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையைக் கீழே தட்டுகிற மாதிரி அசைத்தார். யாரும் ஓடவில்லை. கூடையைக்கூட உரசவிடாமல், செடிக்குச் செடி பின்வாங்கி, ஒவ்வொருவராகப் பாதைக்கு இறங்கினோம். நான் கோவாவை நட்ட இடத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கங்காணி சாக்கைப் போர்த்திக்கொண்டு மேல் பக்கமாகச் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர்கள் நெரைக்கு மேலே, செத்துப்போன ஒரு மரத்தூரின் பொந்தில் கூடு தொங்கிக்கொண்டிருந்ததாம். மழையில் நனைந்த குளவிகள் அப்போதுதான் அசைய ஆரம்பித்திருக்கின்றன. "பானை அளவு இருக்கு" என்றார். அந்த நெரைகளை விட்டுவிட்டு, கூட்டத்தைக் கீழே வேறு இடத்துக்கு அனுப்பினார். அனுப்பும்போது ராஜேஸ்வரியை எல்லாருக்கும் மேலே, மேல் நெரையில் நிறுத்தினார். அங்கே நிற்கிறவருக்குத்தான் முதலில் கேட்கும்.

மேரி போகிற போக்கில் ராஜேஸ்வரியின் பாலிதீனைச் சரிசெய்துவிட்டார். "உன் குளவி எப்படிடி இருக்கு?"

"இருக்கு. பேசாம கேட்டுக்கிட்டு நிக்குது."

மதியத்துக்குப் பிறகு கங்காணியே சுற்றிப் போய்க் கோவாவை எடுத்து வந்து தந்தார். அன்றைக்கு யோகராஜ் வீட்டில் சாப்பாடு. மைக்குகளை வெளியே எடுத்து, காது இருந்த இலைகளை உரித்துப் போட்டுவிட்டு, மீதியை ராஜேஸ்வரி நறுக்கினார். மிளகாய்த் தூள் கொஞ்சம், தேங்காய்ப்பால் கொஞ்சம், கருவாட்டுத் துண்டு இரண்டு. "எங்க வம்பெல்லாம் கேட்ட கோவா. வெளியில சொல்றதுக்குள்ள தின்னுருவோம்" என்றார். நசீர் நானாவுக்கும் ஒரு கிண்ணம் போனது. முட்டையும் கொஸும் சேர்த்து வைத்த கறி நன்றாக இருந்ததாகப் பதில் வந்தது.

திருச்சிக்கு வந்த பிறகு அந்தக் காலைப் பதிவை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். கல்யாணச் சோற்றுக் கல் இருக்கிறது. மேரி சரியாக வலது பக்கம், கைக்கெட்டுகிற தூரத்தில். பிறகு ராஜேஸ்வரியின் தலைப் பாலிதீன் சரசரக்கிறது, நிற்கிறது, சரசரக்கிறது. இடது பக்கம் மேலே ஒரு மெல்லிய ரீங்காரம் இருக்கிற மாதிரி எனக்குப் படுகிறது. இருக்கிறதா, தெரிந்த பிறகு கேட்பதால் கேட்கிறதா? சரிபார்க்க நானும் தலையைத் திருப்பினேன். ஹெட்போனில் அது நடக்காது. மலை, ஓடை, மேரி, எல்லாம் என் தலையோடு சேர்ந்து திரும்பிக்கொண்டு வந்தன. எது என்னுடையது, எது இல்லை என்று தெரிய வேண்டுமானால் அந்தச் சரிவில் நிற்க வேண்டும்.

நாடகக் குழுவினர் மழை, ஓடை, கொழுந்து கிள்ளும் சத்தம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, அமைதி எங்கே என்று கேட்டார்கள். ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தேன். "இது என்னுது இல்ல" என்ற குரலில் தொடங்கி, முதல் காலடி பின்னால் வைக்கிற சத்தத்தில் முடிகிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. மலை முழுக்க ஒருத்தியை நம்பிக் காது கொடுத்துக்கொண்டு நிற்கிறது.